தருதலும் கொடுத்தலும்

இலக்கணம் ஏட்டளவில் நிற்பது, வாழ்க்கைக்கு உதவாதது என்று விடுதி நண்பர் பலர் என்னை நகையாடுவதுண்டு. அவர்க்கு விடையாக வாதம் எதுவும் யான் தொடுக்கப் போவதில்லை. ஒரு சிறு சொல்லை யான் பிழைபட உணர்ந்தமையால், குற்றமற்ற ஒருவர் ஆறு திங்கள் கள்வர் எனப் பெயர் பெற்ற வரலாற்றை மட்டும் ஈண்டு எழுதுகின்றேன்.

எம்மூர் கடலூரை அடுத்த திருவந்திபுரம். கெடிலக் கரையும், ஔடதகிரியும், அக்குன்றின்மேல் கல்விக் கடவுளென வைணவர் போற்றும் அயக்கிரீவர் கோயிலும் எம்மூருக்கு அணிகள். முகூர்த்த நாள்களில் மணமக்கள் கூட்டம் அங்கே நிறையும். அத்தகைய நாளொன்றில், மேள ஒலிக்கிடையே, எங்கள் இல்லத்திற்கு ஒரு மடல் வந்தது. சரக்குக் கப்பலில் பணிபுரிந்த என் தாய்மாமன், சிலி நாட்டு வல்பரைசோ துறைமுகத்தில் நோயுற்று இறந்த செய்தியை முன்னரே அறிந்திருந்தோம். இறுதி நாள்களில் அவர் தங்கியிருந்த வீட்டு அம்மையார், என் ஆயாவுக்கு ஸ்பானிய மொழியில் தம் கைப்பட எழுதிய மடல் அது.

கல்லூரி நூலகத்து ஸ்பானிய இலக்கணச் சிறுநூலொன்றை நான்கு திங்கள் பயின்ற செருக்கு அப்போது என்னிடம் இருந்தது. ஆயா தன் தோட்டினை விற்று மாமாவுக்கு வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம், அவருடைய கப்பல் தோழரிடம் உள்ளது என்பது வரையில் பிழையின்றிப் படித்தேன். அடுத்த தொடர், 'எல் ஸெ லோ தரா' என்பது. 'எல்' என்பது அவர். 'லோ' என்பது அதனை. 'தரா' என்பது நம் செவிக்கு எதிர்மறையாய் ஒலிப்பினும், தருவார் என்றே பொருள்படும். எஞ்சிய 'ஸெ' என்பதற்குத் 'தமக்கு' என்று பொருள் கொண்டேன். "அதை அவர் தாமே வைத்துக்கொள்வாராம், ஆயா" என்றேன். ஆயா ஒன்றும் பேசவில்லை. மாலைக்குள் அச்செய்தி தெருவெங்கும் பரவிற்று.

ஆறு திங்கள் கழித்துப் பரங்கிப்பேட்டையினின்றும் ஒருவர் வந்து வாயிலில் நின்றார். ஆயா அவரை வாருங்கள் என்றழைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் வினவவில்லை. "கப்பல் இப்போதுதான் கரை சேர்ந்தது, அம்மா. ஊரார் பேச்சையும் கேட்டேன்" என்று கூறிக் கடிகாரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் திரும்பிச் சென்றார்.

அன்றிரவு அவ்விலக்கண நூலை மீண்டும் திறந்தேன். நம் நான்காம் வேற்றுமைப் பொருளில் 'அவனுக்கு', 'அவளுக்கு' என்பவற்றை உணர்த்தும் ஸ்பானியச் சொல் 'லெ' என்பது. மரியாதைக்குரிய முன்னிலையாரையும் அம்மொழியார் படர்க்கை வடிவாலேயே சுட்டுவராதலின், 'தங்களுக்கு' என்பதற்கும் அதுவே சொல். இரண்டாம் வேற்றுமைப் பொருளில் வரும் 'லோ', 'லா' என்பவை பின் தொடருங்கால் 'லெ' அவ்வடிவில் நில்லாது; 'ஸெ' எனத் திரியும். திரிந்தபின் 'தனக்கு' என்னும் பொருளுடைய 'ஸெ' என்பதற்கும் இதற்கும் வடிவில் வேறுபாடில்லை. இடம் நோக்கியே பொருள் காணல் வேண்டும். ஆகவே அம்மையார் எழுதியது, 'அவர் அதனைத் தங்களுக்குத் தருவார்' என்பதே. யான் அவ்விதி அடங்கிய பக்கத்தை அரைகுறையாய்ப் புரட்டிச் சென்றவன்.

இவ்விடத்து நம் தொல்காப்பியர் நினைவுக்கு வந்தார். தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன எனக் கிளவியாக்கத்தில் அவர் வரையறுத்துள்ளார். அம்முறைப்படி 'எனக்குத் தந்தான்' என்பதும் 'அவனுக்குக் கொடுத்தான்' என்பதுமே வழக்கு. 'அவர் அதனைத் தருவார்' என்ற அளவிலேயே, பெறுவோர் தன்மையரோ முன்னிலையரோ ஆவர் என்பது தமிழில் விளங்கிவிடும். ஸ்பானியர் பெயரில் வைத்த குறிப்பை நம் முன்னோர் வினையிலேயே வைத்தனர். தேர்வுக்கென அவ்விதியை உருப்போட்ட யான், 'எனக்குக் கொடு' என்று நாள்தோறும் பேசி அதன் பயனை இழந்திருந்தேன்.

மறுநாள் பரங்கிப்பேட்டைக்குச் சென்றேன். அவர் பணியின் பொருட்டு முன்னாள் இரவே சென்னைக்குப் புறப்பட்டுவிட்டார். வீட்டில் அவருடைய முதிய அன்னையார் மட்டும் இருந்தார். நடந்ததை மறையாது சொன்னேன். அவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், "வெயிலில் வந்திருக்கிறாய், தம்பி. இரு, மோர் தருகிறேன்" என்று எழுந்தார். அவர் மகனுக்கு நாங்கள் தண்ணீரும் கொடுக்கவில்லை என்பதை எண்ணியபோது அம்மோர் தொண்டையில் இறங்கவில்லை.

எழுத்தறியாத அவ்வன்னையாரின் வாயில் 'தருகிறேன்' என்பது தானே பொருந்தி வந்தது. விடைபெறும்போது, "உன் கடிதத்தை அவனுக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். தருதலும் கொடுத்தலும் முறை பிறழவில்லை.

ஆயா இப்போது திங்கள்தோறும் அவ்வீட்டைப் பற்றிக் கேட்கின்றார். அவருடைய கப்பல் அடுத்துக் கரை சேரும் நாளை எதிர்நோக்கியிருக்கின்றோம். அன்று அவரை எதிர்கொண்டு திண்ணையில் அமர்த்தி, முதற்கண் தண்ணீர் கொடுக்க வேண்டியவன் யானே.