எந்த லென்ஸை வாங்குவது?

என் தங்கையின் மகன் ஓராண்டு சேமித்த பணத்தில் தன் முதல் மிரர்லெஸ் கேமராவை வாங்கினான். ஏபிஎஸ்-சி சென்சார் கொண்டது. உடன் வந்தது 16-50 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். சில மாதங்களுக்குப் பின், "மாமா, பறவைகளைப் படமெடுக்க 300 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கலாமா?" என்று கேட்டான். மீதமிருந்த பணமோ ஒரு லென்ஸுக்கே போதுமானது.

"முதலில் இதுவரை எடுத்த படங்களைப் பார்ப்போம்" என்றேன். ஒவ்வொரு படத்தின் குவியத்தூரமும் அதன் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். பெரும்பாலானவை 35 மில்லிமீட்டரை ஒட்டியிருந்தன. அவற்றில் பாதி அவனுடைய பாட்டியின் படங்கள். 86 வயதான என் தாயார், மாலையில் மங்கலான விளக்கொளியில் பேசிக்கொண்டிருக்கையில் எடுத்தவை. பல படங்களில் முகம் கலங்கியிருந்தது.

காரணம் எளியது. அந்த ஜூம் லென்ஸ் 35 மில்லிமீட்டரில் ஏறக்குறைய எஃப் 5 அளவுக்கே திறக்கும். ஒளி போதாமல் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க, முகத்தின் அசைவு படத்தைக் கலைத்துவிடும். எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் 35 மில்லிமீட்டர் லென்ஸோ ஏழு மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். முழுச் சட்டகக் கேமராவின் 50 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் பரப்பையே ஏறத்தாழ அதுவும் காட்டும். 300 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்தச் சிறிய அறையில் வேலையே இல்லை.

"பறவைகள் அடுத்த ஆண்டும் வரும்" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸையே வாங்கினான்.

அன்பானவர்களே, புதிய லென்ஸைத் தேடும் முன், உங்கள் கேமரா இதுவரை யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். தேவை அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.