சாமான் இல்லாத கடைக்கு ஒரு மென்பொருள்

எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் முதல் முதலீடு அக்காவின் சீட்டுக் காசு. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. கொழும்பில் வாங்கிய கணினிகளை ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச்சாவடிகளில் லொறியால் இறக்கிக் காட்டி, மறுபடி ஏற்றி அச்சுவேலிக்குக் கொண்டுவந்தோம். 1990 தொடக்கம் ஆண்டுக்கணக்காக மின்சாரமில்லாமல், பற்றரிகூடத் தடைப்பொருளாக இருந்த யாழ்ப்பாணக் குடாநாடு இது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே போருக்கு அஞ்சி எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் நடந்தவன். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை.

இந்த ஊருக்கு எழுத்துத் தொழில் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தம்பிமுத்துப்பிள்ளை இங்கே அச்சுக்கூடம் நடத்தியவர். எங்களுக்கும் முதல் வருமானம் அச்சுக்கோப்பில்தான் வந்தது. கலியாணக் கார்ட், அந்தியேட்டிக்கு நினைவுமலர் எல்லாம் பாமினி எழுத்துருவில் செய்தோம். அதில் மிஞ்சிய காசில் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதினோம்.

2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியது, ஏ9 பாதை மூடுண்டது. ஊரடங்கு தளர்ந்த நேரம் பார்த்து மாதக் கட்டணம் வாங்கப் போனேன். ஹாட்வெயார் கடை முதலாளி வெறுந்தட்டுகளைக் காட்டினார்.

“சாமானே இல்லாத கடைக்குப் பில் என்னத்துக்கடா தம்பி?”

அவரிடம் காசு கேட்க மனம் வரவில்லை. பொருள்கள் கப்பலில் வந்தால்தான் உண்டு என்ற நிலை. கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்கு முன்னால் விடியமுன்னமே வரிசை நின்றது. அரிசியும் சீனியும் மாவும் குடும்ப அட்டைக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டன. முகாமையாளர்கள் இரவிரவாகக் கொப்பிகளில் கணக்கெழுதினார்கள். எங்கள் மென்பொருளை அந்தக் கொப்பிகளுக்காகத் திருப்பினோம். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் அடித்தளமே மாறிய வேலை அது. கடைக்கணக்கில் பொருள்தான் தலைப்பு, யார் வாங்கினார் என்பது தேவையில்லை. பங்கீட்டில் குடும்பம் தலைப்பு. இடம்பெயர்ந்து வந்தவர்களின் அட்டை வேறு பிரிவில் பதிந்திருக்கும், ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருக்கும். மின்சாரம் உள்ள நேரத்தில் எழுதி, இல்லாத நேரத்தில் காகிதத்தில் சரிபார்த்தோம்.

அந்த அட்டைப் பகுதியை எழுதிய பெடியன் அடுத்த வருடம் ஒருநாள் வேலைக்கென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டான். வந்து சேரவில்லை. அவனுடைய அம்மா இன்றும் தேடுகிறா. மாற்றம்தான் வளர்ச்சி என்று தொழில் மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு அவனுடைய முகம்தான் வரும். எங்கள் மாற்றங்களில் எதையும் நாங்கள் திட்டமிட்டுத் தெரிவு செய்யவில்லை. வெளியார் முதலீடு இல்லாத நிறுவனத்துக்கு இந்த மாதம் யார் காசு தருகிறாரோ அவரே ஆதாரம். அவருடைய வாழ்க்கை குலைந்தால் எங்கள் வேலையும் குலையும். அவருக்கு இப்போது என்ன தேவை என்று போய்க் கேட்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

2009இல் போர் முடிந்தது. தெற்கிலிருந்து பெரிய கடைகளும் லீசிங் கொம்பனிகளும் தங்கள் சொந்த மென்பொருளோடு வந்தன. எங்கள் கடைக்காரர் பலர் தொழிலை விட்டார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் கடை வைத்திருந்த ஊரவர்களுக்கு இணையத்தில் வேலை செய்யத் தொடங்கினோம். அதற்குப் பாமினியைக் கைவிட வேண்டியிருந்தது. அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம் ஒட்டியிருக்கும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் பெயர்ப்பட்டியல் அகரவரிசையில் நிற்கவில்லை. யூனிகோடு வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கும், மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போகும். அதற்கென்று தனி நிரல் எழுதினோம். எங்கள் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அந்த நாள்களில் சோகோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் கதையைப் படித்தேன். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலைப்பின்னல்களை மேலாண்மை செய்யும் மென்பொருளோடு தொடங்கியவர்கள். 2001ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொழில்நுட்பச் சந்தை சரிந்து, வாங்குவோர் குறைந்தபோது வேறு பொருள்களுக்குத் திரும்பி, 2009இல் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். வெளி முதலீடு வாங்கவில்லை. ஆனால் பழைய வலைப்பின்னல் மென்பொருளையும் விட்டுவிடவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

2022இல் ரூபாய் விழுந்தது, நாளுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு. வெளிநாட்டுக் காசு வந்ததால் எங்கள் வருமானம் ரூபாயில் ஏறியது. உள்ளூர்க் கடைகளிடம் அந்த வருடம் பராமரிப்புக் கட்டணம் வாங்கவில்லை. ஆனாலும் நாங்கள் பழக்கியெடுத்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். அவர்களை மறிக்க எனக்கு உரிமையில்லை. போரிலும் இவ்வளவு ஆள்பற்றாக்குறை எங்களுக்கு வந்ததில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதுகிறது, விலையைக் குறையுங்கள் என்று வெளிநாட்டில் கேட்கிறார்கள். குறைத்தோம். போன மாதம் ஒரு கூட்டுறவுச் சங்கம் வெங்காயச் செய்கைக் கடன்களைக் கணினிக்கு ஏற்றித் தரக் கேட்டது. வளலாயிலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பழைய ஏடுகளில் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதியிருக்கிறது. முதலில் அதைத் தீர்க்க வேண்டும்.