திருகோணமலை வரைக்கும் போய் ரெண்டே இடந்தானா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கோ. தரம் 9 பிள்ளைகளின் சுற்றுலா பற்றிப் பெற்றோர் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப் போனோம், அதனால் இங்கே எழுதுகிறோம். கேள்வி இதுதான்: "அவ்வளவு தூரம் போய் ரெண்டே ரெண்டு இடந்தானா?"

ஓம். இரண்டே இடம்தான்.

இது எப்படித் தொடங்கியது என்று முதலில் சொல்கிறோம். வவுனியா மாவட்டத்துக்குக் கடல் இல்லை. புவியியல் பாடத்தில் கரையோரம், வாவி, முனை, குடா எல்லாம் பிள்ளைகள் படத்தில் குறிப்பார்கள், புள்ளியும் எடுப்பார்கள். ஒருநாள் வகுப்பில், கடலை நேரில் காணாதவர்கள் கையைத் தூக்குங்கோ என்றோம். 43 பேரில் 11 பேர் தூக்கினார்கள். அதில் ஒரு மகன், "இரணைமடு மாதிரி இருக்குமா ரீச்சர்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிட்டக் கடல் முல்லைத்தீவுதான். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக விடிய வெளிக்கிட்டால் காலைச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்கலாம். காசும் மிச்சம். நாங்கள் முதலில் அதைத்தான் எழுதினோம். எங்களில் ஒருவருடைய உம்மாவும் வாப்பாவும் தண்ணீரூற்றுப் பக்கத்து ஆட்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களும் போனவர்கள். பிள்ளைகள் பிறந்தது புத்தளத்தில். அந்த வீட்டில் முல்லைத்தீவுக் கடல் என்றால் நல்ல மீன், நல்ல காற்று, இழந்துபோன ஊர். அதனால் அந்தக் கடலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில் எங்களுக்கு ஒரு தனிச் சந்தோசம் இருந்தது.

கூட்டத்தில் முல்லைத்தீவு என்று சொன்னதும் பின்வரிசையில் இருந்த அம்மாமார் பேச்சை நிறுத்தினார்கள். சண்டை போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. ஒருவர் எழும்பி வெளியே போனார். எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை அந்தக் கரை மணலில் 2009 இல் இருந்தவர்கள் இவர்கள். அதற்கு முன்னமே 2004 சுனாமியில் சொந்தங்களைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பக்கக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு இடத்தைத் தீர்மானித்தது எங்கள் பிழை. அன்றே மாற்றினோம்.

அப்படித்தான் திருகோணமலை வந்தது. வந்ததோடு பட்டியலும் வந்தது. கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோணேசர் கோயில், கோட்டை, உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு, மார்பிள் பீச். ஒரு தகப்பன் அரிசிமலையையும் சேர்க்கச் சொன்னார்.

இனிக் கணக்குப் பார்ப்போம். புளியங்குளத்திலிருந்து வவுனியா, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை, பிறகு திருகோணமலை. ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நிலாவெளி அதற்கும் வடக்கே இன்னும் 16. படத்தில் பார்த்தால் முல்லைத்தீவிலிருந்து கரையோரமாகவே இறங்கலாம் போலத் தெரியும், ஆனால் நடுவில் கொக்கிளாய் வாவி கிடக்கிறது. ஆக, போக வர ஏழு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸிலேயே போகும். மிச்சத்தில் ஏழு இடம் என்றால், இறங்கு, ஏறு, எண்ணு, இறங்கு, ஏறு, எண்ணு. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் அப்படி ஒரு சுற்றுலா போனோம். ஒரே நாளில் ஐந்து இடம். இன்றைக்கு ஞாபகம் இருப்பது பஸ்ஸின் மணமும், யாரோ ஒருத்தி முழு வழியும் சத்தி எடுத்ததும்தான்.

சனத்தையும் யோசிக்க வேண்டும். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது மே தொடக்கம் செப்டெம்பர் வரை. டிசம்பர் லீவில் போகலாம் என்று சொன்னவர்களுக்கு: அது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும், பிள்ளைகளை இறக்க ஏலாது. நல்ல காலம் எல்லோருக்கும் நல்ல காலம்தானே. ஓகஸ்ட் சனிக்கிழமை என்றால் தெற்கிலிருந்து வரும் பஸ்களும் வெளிநாட்டவரும் எங்கள் பிள்ளைகளும் ஒரே கரையில்தான். எங்களோடு படித்த ஒருவர் இத்தாலியில் நாப்போலியில் வேலை செய்கிறார். அங்கே பக்கத்தில் அமால்ஃபி என்று மலையும் கடலும் ஒட்டின ஒரு கரை. பாதை ஒடுக்கம், சனம் அளவில்லை. 2022 இல் இருந்து நெரிசல் நாட்களில் வாகன இலக்கத்தின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நாள் மாற்றி விடுகிறார்களாம். ஒரே நாளில் எல்லா ஊரையும் பார்க்க வருகிறவர்கள் முன்னால் போகிற வாகனத்தின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். நிலாவெளி அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் புத்தி ஒன்றுதான்: வேளைக்குப் போ, ஓரிடத்தில் நில்.

ஆகவே காலை 4.00 மணிக்கு பஸ் வெளிக்கிடும். வவுனியாவில் பத்து நிமிடம் நிற்போம், எங்களுக்கு ஸுப்ஹு, மற்றவர்களுக்குப் பிளேன்ரீ. எட்டு மணிக்குள் நிலாவெளி. பதினொரு மணிவரை கடல், கடல் மட்டும்தான்.

புறாத்தீவு இல்லை. பிள்ளைகளுக்கு இதில்தான் கவலை. அது 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். பவளப்பாறை கல் இல்லை, உயிர். ஒருவர் ஏறி நின்றால் அந்தத் துண்டு செத்துப்போகும். நீந்தத் தெரியாத 43 பேர் அங்கே கால் வைக்க வேறு எங்கே இருக்கிறது?

நீந்தத் தெரிந்த பெடியளைத்தான் எங்களுக்கு இன்னும் பயம். குளத்தில் நீந்துகிறவன் கடலும் அப்படித்தான் என்று நினைப்பான். குளத்துத் தண்ணி இழுக்காது, கடல் இழுக்கும். அதோடு இந்தக் காலத்தில் கிழக்கில் கச்சான் அடிக்கும் (சாப்பிடுகிற கச்சான் இல்லை, காற்று). அது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. பந்தோ காற்றடித்த ரியூப்போ விழுந்தால் வெளியே கொண்டுபோகும், பிள்ளை பின்னால் போகும். ஆகவே ரியூப், பந்து இரண்டும் வீட்டில் இருக்கட்டும். இடுப்புக்கு மேல் தண்ணியில்லை. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். விசில் அடித்தால் கரைக்கு வந்து எண்ணிக்கை கொடுக்க வேண்டும், கால்மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அந்த ஊர்க் கடற்றொழிலாளர் இரண்டு பேர் எங்களோடு தண்ணியில் நிற்பார்கள்.

மத்தியானம் நிலாவெளியில் எங்கள் சொந்தத்தில் ஒரு மாமி வீடு. கிணறும் மோட்டரும் உண்டு, உப்புப் போகக் குளிக்கலாம். சாப்பாடு மரக்கறி. பின்னேரம் கோயிலுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் வசதி, ஹலாலா என்ற கேள்வியும் இல்லை. இதற்குச் சம்மதிக்க வைக்க மாமியோடு மூன்று தரம் ஃபோனில் பேச வேண்டியிருந்தது. "வீட்டுக்கு வாற புள்ளைகளுக்குக் கோழிகூட இல்லாமலா சோறு குடுக்கிற?" என்று இன்னும் கோபம்.

நாலு மணிக்குக் கோட்டை வாசலில் இறங்கி நடப்போம். போர்த்துக்கீசர் 1622 இல் கோணேசர் கோயிலை இடித்து, பிறகு கட்டிய கோட்டை அது. உள்ளே புள்ளிமான்கள் சும்மா திரியும், பொலித்தீன் பை ஒன்றும் கொடுத்துப் பழக்க வேண்டாம். கோயிலுக்குள் இரண்டு பேர் கூட்டிப் போவார்கள். செருப்புக்கும் பைக்கும் காவல் நிற்கப் போவது எங்களில் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்தரைக்குத் திரும்பினால் ஒன்பதுக்குள் ஊர்.

ஒரு பிள்ளைக்கு 2,300 ரூபா. கட்ட ஏலாதவர்கள் தனியாக வந்து சொல்லுங்கோ, பழைய மாணவர் சிலர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். வலய அலுவலகத்துக்குப் பெயர்ப் பட்டியல் போக வேண்டும், சம்மதக் கடிதம் புதன்கிழமைக்குள் வேணும்.

நேற்று வரை 42 கடிதம் வந்தது. வராத ஒன்று, அன்றைக்குக் கூட்டத்திலிருந்து எழும்பிப் போன அம்மாவுடையது. (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.) வீட்டுக்குப் போனோம். "முல்லைத்தீவெண்டாலும் நிலாவெளியெண்டாலும் எனக்கு ஒண்டுதான் ரீச்சர். அந்தச் சத்தம் கேட்டா நித்திரை வராது" என்றார். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அன்றைக்கு வகுப்பில் கை தூக்கிய 11 பேரில் அவளும் ஒருத்தி. நாங்கள் வற்புறுத்தவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.

இன்றைக்குக் காலை பாடசாலை வாசலில் நின்றார். கையெழுத்துப் போட்ட கடிதத்தைத் தந்துவிட்டு, தானும் வரலாமா என்று கேட்டார். கடற்கரைக்கு வரமாட்டாராம், சமைக்கிற வீட்டில் நிற்பாராம். பஸ்ஸில் கடல் தெரியாத பக்கத்தில் ஒரு சீற் வேணுமாம். போகும்போது வலப்பக்கம் கடல், வரும்போது இடப்பக்கம். அதனால் அவருக்கு இரண்டு சீற் எழுதி வைத்திருக்கிறோம், போக இடப்பக்கம், வர வலப்பக்கம். வலப்பக்க ஜன்னலில் இருக்கிற பிள்ளை, திரும்பி வரும்போது அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேணும்.

மாமிக்கும் சொல்லிவிட்டோம். "வரச் சொல்லுங்க, தேங்காய் திருவ ஒரு ஆள் தேவைதான்" என்றா.