பாறையில் தோண்டிய மூன்று குழிகள்

அரூரிலிருந்து வாச்சாத்தி வழியாகச் சித்தேரி மலைக்கு ஏறும் சாலையில், ஒரு வீட்டு மாடியில் சூரிய மின்தகடுகள் பொருத்தப் புறப்பட்ட தொழிலாளர் மூவரோடு அவர்களுடைய சரக்கு வண்டியிலேயே நானும் பிரயாணம் செய்தேன். வண்டியில் நிமிர்த்திக் கட்டியிருந்த ஆறு தகடுகளைக் காட்டிலும், அவற்றின் காலடியில் கிடந்த கடப்பாரை, சம்மட்டி, இரும்புக் குழாய்கள், பெண்டோனைட் மூட்டைகள் ஆகியவையே என் சிந்தையைக் கவர்ந்தன. வெயிலைப் பிடிக்கும் தொழிலுக்கு இவ்வளவு மண்வேலைச் சாமான் எதற்கு என்று கேட்டேன். "மாடி மேல செய்யற வேலை சுளுவு சார். கீழ எர்த்து குழி எடுக்கறதுதான் இந்த மலையில ஆளைக் கொல்லும்" என்றார் மேஸ்திரி.

மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைவித்து வாழும் இம்மலைநாட்டிற்குச் சூரிய விளக்கு புதிய வஸ்து அன்று. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய சக்தியால் எரியும் ஐந்து விளக்குகள் வழங்கப்பட்டன. அத்தகைய விளக்குகளின் கம்பியைக் குழந்தை தொட்டாலும் பெரிய விபரீதம் நேராது. ஆதலால் சூரிய மின்சாரம் என்றாலே சாதுவானது என்ற நம்பிக்கை கிராமத்து மனங்களில் ஊன்றிவிட்டது. ஆனால் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்று, 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்கீழ் இன்று மாடிகளில் ஏறும் தகடுகளோ, ஒவ்வொன்றும் 49 வோல்ட் அளவில் ஆறும் வரிசையாக இணையும்போது ஏறத்தாழ 300 வோல்ட்டை எட்டுகின்றன. குளிர் கூடக் கூட மின்னழுத்தமும் கூடும் என்பது இவற்றின் சுபாவம். ஒவ்வொரு டிகிரி இறக்கத்துக்கும் சுமார் 0.3 சதவீதம் ஏறுமாகையால், மார்கழி விடியலில் இம்மலையின் தகடுகள் சமவெளியில் இருப்பவற்றைவிட வீறு கொண்டவை. மெயின் சுவிட்சை அணைத்தாலும் தகடு அணையாது. வெளிச்சம் உள்ளவரையில் அதன் கம்பி உயிருள்ள கம்பியே.

நாங்கள் சென்ற வீட்டின் பின்புறத்தில் முதற்குழி இடுப்பளவு ஆழம் இறங்குவதற்குள் கடப்பாரை 'ணங்' என்றது, பாறை. இடிதாங்கிக்கு ஒன்று, டிசி பக்கத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று என, எர்த்து எனப்படும் நிலஇணைப்புகள் மூன்று வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அவற்றின் மின்தடை 5 ஓமை மிஞ்சலாகாது என்பதும் விதி. நிலஇணைப்புக்கான ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தரநிர்ணயம், மின்முனைக் குழாய் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறிவிட்டு, பாறை குறுக்கிட்டால் நெட்டுக்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேற்படாமல் குழாயைச் சாய்த்துப் புதைக்கலாம் என்றும் அனுமதிக்கிறது. இதை எழுதிய நிபுணர்களும் என்றோ ஒரு குன்றின்மேல் கடப்பாரையுடன் போராடியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றிற்று. மேஸ்திரி அந்த விதியை ஏட்டில் படித்தவரல்லர். ஆயினும் பாறையின் சரிவைக் கையால் தடவிப் பார்த்து, மண் ஓடும் திசையை நிதானித்து, குழாயை அதே கணக்கில்தான் சாய்த்தார். கரியும் உப்பும் கொட்டும் பழைய வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். உப்பு மழையில் கரைந்து ஓடுவதோடு குழாயையும் அரித்துவிடும், பெண்டோனைட் களிமண்ணோ ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் அனுபவம்.

நிலஇணைப்பின் மின்தடையைக் காட்டும் எர்த்து மெகரை வைத்து அளந்தபோது முள் 9 ஓமில் நின்றது. இளைஞர்கள் இருவரும் களைத்திருந்தனர், பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. "இன்னொரு ராடு அடிச்சு சேர்க்கலாம்டா" என்றார் மேஸ்திரி. "சரிண்ணா" என்று ஒருவன் மறுபேச்சின்றிச் சம்மட்டியை எடுத்தான். தள்ளி ஓர் இடத்தில் இரண்டாவது குழாயை இறக்கி, ஜி.ஐ. பட்டையால் முதலாவதோடு பிணைத்து மறுபடி அளந்தபோது, முள் 5-க்குக் கீழே இறங்கிற்று. இத்தனைக்கும் அவர்களுக்குக் கூலி கிலோவாட் கணக்கில்தான். செம்மண்ணில் சுலபமாக முடிந்தாலும் பாறையில் நாள் முழுதும் இழுத்தாலும் தொகை ஒன்றே. குழியைக் குறைத்தவனுக்கு லாபமும், முறையாகத் தோண்டியவனுக்கு நஷ்டமும் தரும் இந்த ஏற்பாடு அநியாயமானது என்று நான் திடமாகக் கருதுகிறேன்.

மறுநாட் காலை மாடியில் டிசி கம்பிகளை இணைக்கும் வேலை. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதால், அதில் எழும் தீப்பொறி தானே அணைய வழியுண்டு. டிசியில் அத்தகைய ஓய்வே இல்லை. தளர்ந்த இணைப்பில் பொறி பிறந்தால் அது விடாமல் நின்று எரிந்து, கம்பியின் உறையையும் அருகிலுள்ளவற்றையும் பற்றவைக்கும். ஆகவேதான் மேஸ்திரி, கம்பியின் தோலை அளவாக உரித்து, ஓர் இழைகூடப் பிரியாதபடி முறுக்கி, எம்சி4 கனெக்டரின் உலோக முனையில் செருகி, கிரிம்பிங் கருவியால் அழுத்தி, பிறகு இரு கைகளாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். இரண்டு கம்பெனிகளின் கனெக்டர்களை ஒன்றோடொன்று மாட்ட அவர் சம்மதிக்கவில்லை. பொருந்தியதுபோல் 'டக்' என்ற சப்தம் கேட்டாலும் உள்ளே முழுமையாகப் பிடிப்பு விழாதாம்.

நடுப்பகலில், அவர்கள் முன்பே அமைப்புப் பொருத்தியிருந்த அடுத்த வீட்டு மூதாட்டி வந்து நின்று, "வெயிலு இம்மாங் காயுதே, கரண்டு ஏன் சாமி நின்னு போச்சு?" என்று கேட்டார். லைனில் மின்சாரம் நின்றால், தகட்டின் டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரும் தானே நிற்கவேண்டும் என்பது இவ்வமைப்பின் பிரதான நியதி. மேஸ்திரி அதைச் சொன்ன விதம் எந்தப் பாடநூலிலும் நான் காணாதது: "கம்பத்துல லைன்மேன் ஏறியிருப்பாரும்மா. நம்ம வீட்டுக் கரண்டு அவர் கைக்குப் போயிடக் கூடாதில்ல, அதான் நிக்குது." மூதாட்டி சற்று யோசித்து, "அப்ப நிக்கட்டும்" என்று சொல்லித் திரும்பிப் போனார்.

மின் பாதுகாப்பு குறித்து மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வகுத்த விதிகள் 2023-இல் புதுப்பிக்கப்பட்டுள்ளன, சட்டத்தில் குறையில்லை. புதைந்து போகும் குழியையும் மூடிப் போகும் இணைப்பையும் கண்ணால் பார்ப்பவர்தாம் குறைவு. ஆகையால், மாடியில் தகடு ஏற்ற எண்ணும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: குழி மூடுமுன் அருகில் நின்று பாருங்கள், பாறை குறுக்கிட்டால் அதிகப்படி உழைப்புக்குத் தனிக் கூலி கொடுங்கள், வேலை முடிந்ததென்ற காகிதம் வரும்போது, உங்கள் முன்னிலையில் மெகரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். முள் 5 ஓமுக்கு மேல் நின்றால் கையெழுத்திட வேண்டாம்.