பூட்டும் உரிமை

ஆங்கிலேயன் ஒருவனுக்கு அவனது இல்லமே கோட்டை என்பது அந்நாட்டார் நெடுங்காலமாகப் போற்றி வரும் பழமொழி. அக்கோட்டையின் எல்லை எதுவரையிற் செல்லும்? வாயிற்படியோடு நிற்குமா, முற்றத்தையும் தழுவுமா, முற்றத்திலே நிற்கும் மோட்டார் வண்டியையும் உள்ளடக்குமா? இவ்வினா வெறும் வாதத்தின் பொருட்டு எழுந்ததன்று. சில ஆண்டுகளுக்குமுன் நாம் கல்வியின் நிமித்தம் இங்கிலாந்திலே தங்கியிருந்த காலத்து, அயல்வீட்டுப் பெரியவர் ஒருவருக்காக இதன் விடையைத் தேட நேர்ந்தது. தேடிக் கண்டவற்றை நம் மாணவ நண்பர்க்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் குடியிருந்தது பல குடும்பங்கள் வாழும் மாடிக் கட்டடம். அதன் பின்புறத்து முற்றத்திலே குடியிருப்போர் யாவரும் தத்தம் வண்டிகளை நிறுத்துவர். கீழ்த்தளத்திலிருந்த பெரியவர் வேலையினின்று ஓய்வு பெற்றவர், கைப்பொருள் சுருங்கியவர். பழுது நீக்கித் தம் பேரனுக்கு அளிக்கும் எண்ணத்தோடு பழைய கார் ஒன்றை வாங்கி அங்கே நிறுத்தியிருந்தார். அதனைச் சாலையிலே செலுத்துவதில்லை என்று முன்னைய உடையவர் அரசாங்கத்துக்கு முறைப்படி தெரிவித்திருந்தார். ஆதலின் வரி பற்றிய கவலை தமக்கில்லை எனப் பெரியவர் நம்பினார். ஒரு நாட்காலையில் அதன் சக்கரத்தை இரும்புப் பூட்டொன்று கவ்வியிருந்தது. கண்ணாடியிலே அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது.

பெரியவர் எம்மை அழைத்து அதனைக் காட்டி, “இஃது அரச வீதியன்று, எங்கள் முற்றம். வந்த நாள்முதல் இவ்வண்டி ஒரு முழமும் ஓடவில்லை. அயலார் தம் கார்களை இங்கே நிறுத்தி எங்களுக்கு இடையூறு விளைத்தபோது, அவற்றைப் பூட்டலாமோ என்று வினவினோம். பூட்டினால் நாங்களே குற்றவாளிகள் என்றனர். இடத்துக்குரிய எங்களுக்கு இல்லாத அதிகாரம் இவர்களுக்கு எங்ஙனம் வந்தது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றே எமக்குத் தோன்றிற்று.

வரி செலுத்தப்படாத வண்டியைப் பூட்டவும் அகற்றவும் அந்நாட்டிலுள்ள அதிகாரம் 1994ஆம் ஆண்டின் வாகன வரி, பதிவுச் சட்டத்தைச் சார்ந்தது. முதலில் அது பொதுச் சாலையில் நிற்கும் வண்டிக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1998 முதல், சாலையிலே செலுத்தாத வண்டிக்கு வரி வேண்டாதவர் அதனை அறிவித்தல் வேண்டுமென விதித்தனர். இவ்வறிவிப்பினை ‘ஸார்ன்’ எனச் சுருக்கி வழங்குவர். 2004 முதல், வண்டி சாலையிற் காணப்படாவிடினும், பதிவேட்டிற் பெயருடையவர் ஒன்று வரி செலுத்த வேண்டும், அன்றேல் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. ஆயினும் வண்டியைத் தனியார் நிலத்திலே ஒதுக்கி நிறுத்தியவர் பூட்டுக்குத் தப்பினர். இவ்விடைவெளியை 2008ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அடைத்தது. அன்றுமுதல் தனியார் நிலத்திலும் அவ்வதிகாரம் செல்லும்.

எனினும் அதற்கு வரம்புகள் உள. ஒருவர் தம் வீட்டோடு சேர்த்து அனுபவிக்கும் சொந்த முற்றத்திலே நிற்கும் வண்டியைத் தொடலாகாது. அறிவிப்புக் கொடுத்துச் சாலைக்கு அப்பால் நிறுத்திய வண்டியையும் பூட்டலாகாது. பல குடும்பங்களுக்குப் பொதுவாகிய முற்றத்தையோ அதிகாரிகள் அவ்விலக்கினுள் அடக்குவதில்லை. மேலும், முன்னையவர் கொடுத்த அறிவிப்பு வண்டியோடு கைமாறுவதன்று. வாங்கியவர் புதிதாகக் கொடுத்தல் வேண்டும். அதற்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. நம் பெரியவர் வழுக்கியது இவ்விடத்திலேதான்.

இனி, அவரது இரண்டாம் கேள்விக்கு வருவோம். நிலத்துக்குரியோர் ஆட்களை அமர்த்தி அயலார் வண்டிகளைப் பூட்டிப் பணம் பெறும் வழக்கம் அந்நாட்டிலே ஒரு காலத்திற் பெருகியிருந்தது. ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1992லேயே அதனை மிரட்டிப் பணம் பறித்தல் எனத் தள்ளிற்று. இங்கிலாந்து நீதிமன்றமோ, அறிவிப்புப் பலகையைக் கண்டும் நிறுத்தியவர் அதற்கு இசைந்தவராவர் என்றும், கட்டணம் மாத்திரம் நியாயமானதாயிருத்தல் வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. பின்னர் 2012ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சட்ட அதிகாரமின்றிப் பூட்டுவதைக் குற்றமாக்கி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது.

பூட்டு ஒன்றே, பூட்டும் கைதான் வேறு. தனியாள் பூட்டுங்கால் அவரே வழக்காளர், அவரே நீதிபதி, தண்டத்தொகையை நிர்ணயித்து வாங்குபவரும் அவரே. அரசாங்கத்தின் கையோ, எவ்விடத்தில் நுழையலாம், எவ்வளவு வாங்கலாம் என்று எழுத்திலே கட்டுண்டது. 24 மணி நேரத்துள் விடுவிக்க 100 பவுன். வரி கட்டாமலே காரை மீட்பின் பிணைத்தொகை 160 பவுன். அகற்றியபின் 200 பவுனும், நாளொன்றுக்குக் காவற்கூலி 21 பவுனும். ஆகவே பெரியவரின் கேள்விக்கு விடை இதுவே: அவ்வதிகாரம் நிலவுடைமையினின்று பிறந்ததன்று, சட்டத்தினின்று பிறந்தது; சட்டத்தின் வரம்பு உள்ளவரையிலேதான் அது நியாயமாகும்.

இவ்விடையை நாம் அவருக்கு உரைத்தோம், அவர் ஏற்றுக்கொண்டார். எனினும் எம் மனம் முற்றும் ஆறவில்லை. விடுவிப்புக் கட்டணமும் பிணைத்தொகையுமாக 260 பவுன் செலுத்தினார். கார் ஓடுந் தகுதிச் சான்று பெறும் நிலையில் இல்லாமையால், குறித்த நாளுக்குள் வரி கட்ட இயலாது பிணைத்தொகையை இழந்தார். ஒரு காசும் செலவில்லாத அறிவிப்பொன்று தவறியதற்கு, கார் வாங்கிய விலையிற் பாதிக்குமேல் போயிற்று. பதிவுப் பத்திரத்தோடு வரும் தாளிலே விதி எழுதியிருந்தது மெய்யே. ஆனால் 1921 முதல் கண்ணாடியிலே ஒட்டி வந்த வரிச்சீட்டு 2014இல் நீக்கப்பட்டுவிட்டது. வண்டியைப் பார்த்து அதன் வரிநிலையை இன்று எவரும் அறிதல் இயலாது.

அந்நாட்டிலேயே, குடியிருப்பார் உள்ள நிலத்திற் கைவிடப்பட்ட வண்டியை நகராட்சியார் அகற்றுமுன் அந்நிலத்தார்க்கு 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தல் வேண்டும் என்பது விதி. வரி கட்டாத வண்டியைப் பூட்டுதற்கு அத்தகைய நிபந்தனை இல்லை. பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாமென்பதை ஒப்புகின்றோம். அது கணப்பொழுதில் மறைந்துவிடும். தனியார் முற்றத்திலே அசையாது கிடக்கும் வண்டியோ எங்கும் ஓடிப்போவதில்லை. அதற்கும் சில நாள் முன்னறிவிப்பு அளித்தால் அரசாங்கத்தின் வரி குறையாது. அறியாமையாற் பிழைத்த ஏழைக்கு உய்யும் வழி பிறக்கும்.

சட்டம் பயில விரும்பும் நண்பர்கள் ஒன்றை உளங்கொள்வாராக. அதிகாரம் உண்டா என்பது முதற் கேள்வி. அதனைச் செலுத்துமுன் ஒரு சொல் எச்சரித்தோமா என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு விடை நூலிலே கிடைக்கும். இரண்டாவதன் விடையை நூல் எழுதுவோரிடத்தே நாம்தாம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.