மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது?

பலெர்மோ நகரின் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே 1886-இல் திறக்கப்பட்டபோது அதன் வாசலில் குதிரை வண்டிகள் நின்றன. இன்று அதைச் சுற்றியுள்ள தெருக்களில் கார் விட இடம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் தரையில் போட்டிருக்கும் கோட்டின் நிறத்தைப் பார்த்துத்தான் விட வேண்டும். இத்தாலியச் சாலை விதிகளின்படி வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு தனி ஒதுக்கீடு.

இந்த நகரில் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர், தினமும் செஃபலூவுக்கு ரயிலேறி ஓட்டல் வேலைக்குப் போகிறவர், என்னிடம் சொன்னார்: “அண்ணை, ரயிலுக்குக் குடுக்கிறதிலும் பார்க்க காரை விடுறதுக்குக் குடுக்கிற காசுதான் கூட.” காரில் வைத்திருந்த சீட்டுகளையும் காட்டினார். சிகரெட் விற்கும் கடையில் வாங்குபவை அவை. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் எல்லாவற்றையும் நாணயத்தால் சுரண்டி, கண்ணாடிக்குப் பின்னால் தெரியும்படி வைக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு. முழுநாள் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு சீட்டு எந்த மூலைக்கு? ரயிலுக்குப் போகிறவரிடம் ஏன் மணிக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

பணம் யாருக்குப் போகிறது என்பது சுலபமாகவே தெரிந்தது. பலெர்மோவின் நீலக் கோடுகளை நிர்வகிப்பது நகராட்சிக்குச் சொந்தமான ‘அமாத்’ நிறுவனம். பேருந்துகளை ஓட்டுவதும் அதுதான். 2015 டிசம்பரில் தொடங்கி, இந்த நிலையத்திலிருந்து ரொச்செல்லாவுக்குப் போகும் டிராமும் அதனுடையதுதான். இதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டுச் சாலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, நிறுத்தக் கட்டண வருவாயை நிறுத்துமிடங்களுக்கும் பொதுப் போக்குவரத்து மேம்பாட்டுக்கும் செலவிடச் சொல்கிறது. கட்டண இடம் வைத்தால் பக்கத்திலேயே போதிய இலவச இடமும் விட வேண்டும் என்கிறது. ஆனால் பழைய நகர மையங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. நம் நிலையமோ பழைய நகரின் விளிம்பிலேயே நிற்கிறது.

இன்னும் பின்னால் போனால் 1989 மார்ச் மாதத்துச் சட்டம் 122 வருகிறது. அமைச்சர் கார்லோ தொன்யோலியின் பெயரால் அறியப்படும் சட்டம் அது. நகர மையத்தின் நெரிசலைக் குறைக்க, காரை விட்டுவிட்டு ரயிலுக்கோ பேருந்துக்கோ மாறும்படியான நிறுத்துமிடங்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றது. பலெர்மோவின் பசிலே, ஜொட்டோ நிறுத்துமிடங்கள் இந்த எண்ணத்தில் அமைந்தவையே. ஆக, ரயிலேறப் போகும் பயணியைச் சட்டம் மறந்துவிடவில்லை.

அப்படியானால் மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது? பதில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் இருந்தது. 1930-களில் அங்கே கடைத்தெருவில் வேலை செய்தவர்கள் காலையில் விட்ட காரை மாலையில்தான் எடுத்தார்கள். வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று வணிகர்கள் முறையிட்டார்கள். கார்ல் மகீ என்ற பத்திரிகையாளர் அதற்கு ஒரு கருவியை யோசித்தார். ஓக்லஹோமா வேளாண் கல்லூரிப் பொறியாளர்கள் வடிவம் கொடுத்தார்கள். 1935 ஜூலை 16 அன்று முதல் மீட்டர் நடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட். 1958-இல் அது லண்டனுக்கும் வந்துவிட்டது.

தேடலில் எனக்குக் கிடைத்த விடை இதுதான்: மணிக்கணக்குக் கட்டணம் பிறந்ததே நாள் முழுக்கக் காரை விடுகிறவரைக் கிளப்புவதற்காக. கடைவீதியில் அது நியாயம். அரை மணியில் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு இடம் கிடைக்கிறது. ரயில் நிலையத்தில் நாள் முழுக்கக் காரை விடுகிறவர்தான் பயணி. அவரைக் கிளப்பினால் அவர் காரிலேயே வேலைக்குப் போவார். எந்த நெரிசலைக் குறைக்கச் சட்டம் போட்டார்களோ அந்த நெரிசல் கூடும்.

நிலையத்தில் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கட்டும். இலவசமாக விட்டால் ரயிலேறாதவர்களே இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அது ரயில் பாஸோடு சேர்ந்த நாள் கட்டணமாக இருக்க வேண்டும். வாங்கிய பணம் எந்தப் பேருந்துக்கு, எந்த டிராமுக்குப் போனது என்று ஆண்டுதோறும் நிலையத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காகத் தெருத்தெருவாகத் தோண்டிக்கொண்டிருக்கும் சென்னைக்கும் இதே கோரிக்கையை வைக்கிறேன்.