கலகலப்பு

எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒரு கல்யாண வீட்டை மெச்சுவதென்றால், 'வீடு கலகலன்னு இருக்கு' என்பார்கள். அதற்குமேல் பாராட்டு கிடையாது. கலகல என்பது ஒலிக்குறிப்பு. வளையலும் சலங்கையும் எழுப்புகிற ஓசை. ஒற்றை வளையல் கலகலக்காது. இன்னொன்றோடு உரச வேண்டும். அந்த ஓசையே ஆட்கள் கூடிச் சிரித்துப் பேசுவதற்கும் பெயராகிவிட்டது. ஆணி தளர்ந்த கட்டிலையும் 'கலகலத்துப் போச்சு' என்கிறோம். இறுக்கம் விடுவதுதான் இரண்டுக்கும் பொது என்று எனக்குப் படுகிறது.

கலகலப்புக்கு இன்னொன்று கூட வேண்டும் என்பது கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குப் புரியும். வீசுகோல் நாணில் பட்டதும் வில்லில் கட்டிய மணிகளெல்லாம் சேர்ந்து குலுங்கும். உடுக்கையும் குடமும் கூடவரும். பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். அந்த 'ஆமா' இல்லாமல் கதை நகராது.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்த வில்லோடு வளர்ந்தவர். நந்தனார் கதையைக் கிந்தனாராக்கி, ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் இரண்டாண்டுக்கு மேல் சிறையில் இருந்து 1947இல் விடுதலையானார். அவ்வளவு பட்டவர் கசந்துபோகவில்லை. மறுபடியும் சிரிக்க வைத்தார். 1957இல் சாகும்வரை கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். கலைவாணரின் கலகலப்பை அந்தக் கொடையிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

கல்யாண வீட்டுக் கலகலப்பு முந்தின ராத்திரியே தொடங்கிவிடும். பந்தலில் காய்கறி வெட்ட ஊரே உட்காரும். அவியலுக்குச் சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், புடலங்காய், எல்லாம் விரல் நீளத்துக்கு. சேனை அரிக்காமலிருக்கக் கையில் தேங்காய் எண்ணெய். சொத்துத் தகராறில் வருஷக்கணக்காய் முகம் கொடுக்காத இரண்டு பேர் அங்கே எதிரெதிரே உட்கார நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சின்னவர்தான் முதலில் வாயைத் திறந்தார்: 'அத்தான், அந்த எண்ணெயை இங்கிட்டு நகட்டுங்க.' பெரியவர் நகர்த்தினார். 'நீ வெட்டுகது அவியலுக்கா, மாட்டுக்கா?' என்றார். பந்தலே சிரித்தது. விடிவதற்குள் இருவரும் ஒரே வெற்றிலைத் தட்டில் கைவைத்தார்கள்.

இப்போது வெட்டிய காய் வண்டியில் வந்து இறங்குகிறது. சமையலைக் காண்டிராக்டுக்கு விடுவதில் குற்றமில்லை. வீட்டில் ஆள் குறைந்துவிட்டது. ஆனாலும் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவியல் காயை மட்டுமாவது தெருக்காரர்களுக்கு விட்டுவையுங்கள். கத்தியை அவர்களே கொண்டு வருவார்கள்.